பகலில் வெள்ளை ஆந்தை: லேக் பாரமட்டாவில் நான் பார்த்தது எது?

ஓடைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். மதுரைக்காரன், இப்போது சிட்னியில் தூங்காபி பக்கம் குடியிருக்கிறேன். ஊரில் இருந்தபோது கண்மாய்க் கரைகளில் பறவை பார்க்கும் பழக்கம் உண்டு. அந்த அறிவை நம்பி இங்கே காட்டுக்குள் போனால் ஒன்றும் பிடிபடமாட்டேன் என்கிறது. உதவி வேண்டும்.

சனிக்கிழமை காலை லேக் பாரமட்டா காப்புக்காட்டுக்குப் போயிருந்தேன். தெரியாதவர்களுக்கு: பாரமட்டா நகரத்துக்குச் சற்று வடக்கே, ஹண்ட்ஸ் ஓடையை மறித்து 1856இல் கட்டிய அணை, ஆஸ்திரேலியாவின் முதல் பெரிய அணை அதுதான் என்கிறார்கள். அதைச் சுற்றி 70 ஹெக்டேருக்கு மேல் யூகலிப்டஸ் காடு. முன்பக்கம் பார்பிக்யூ புகையும் குழந்தைகள் கூச்சலும். பாதையில் கொஞ்ச தூரம் உள்ளே போய்விட்டால் ஊர் இருப்பதே மறந்துவிடும்.

ஓடை இறங்கும் நிழலான சரிவில், இலை அடர்ந்த மரத்தில் ஓர் ஆந்தை. காலை பத்து மணிக்கு! தலையும் நெஞ்சும் வெள்ளை, பொசுபொசுவென்று இருந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு. என்னைப் பார்த்துத் தலையை மேலும் கீழும், பிறகு வட்டமாகவும் ஆட்டியது. பறக்கவே இல்லை. கைபேசிப் படம் கலங்கலாக வந்திருக்கிறது, அதை இங்கே போட்டுப் பயனில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். விடிவதற்கு முன்பே, நாலு மணி வாக்கில், வீட்டருகே குயில் கூவுகிறது. சத்தியமாக நம் ஊர்க் குயில் குரல்தான். அது எப்படி இங்கே? அப்புறம், புதருக்குள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் பழுப்புக் குருவிகள். தையல்சிட்டா?

வேட்டைக்கண்

வெள்ளை ஆந்தை என்றால் கூகைதான், வேறென்ன. இங்கேயும் கூகை உண்டு. சரி, எந்த மரம்? வரைபடத்தில் குறியிட்டு அனுப்புங்கள் நண்பரே. ஞாயிறு காலை பெரிய லென்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

மட்டுநகரான்

தம்பி, அது தவளைவாயனாக இருக்கக்கூடாதோ? டானி ஃபிராக்மவுத் என்று இங்கே சொல்லுறவை. எங்கட வீட்டுப் பின்வளவு மரத்தில் சோடியாக இருக்குது. பகல் முழுக்க அசையாமல் கண்ணை மூடிக்கொண்டு, முறிந்த கொப்பு மாதிரியே நிற்கும். வருகிற சனம் எல்லாம் ஆந்தை என்றுதான் சொல்லும். அது ஆந்தைக் குடும்பமே இல்லை. நம்மட சிங்கராஜக் காட்டில் இருக்கிற இலங்கைத் தவளைவாயனுக்குச் சொந்தக்காரன்.

கருஞ்சிட்டு

கொஞ்சம் பொறுங்கள். பெயர் சொல்வதற்கு முன் நாலு விஷயம் கேட்டுக்கொள்வோம்.

ஓடைக்கரை, கண்ணின் நிறம் என்ன? கறுப்பா, மஞ்சளா? முகம் தட்டையாக இதய வடிவில் இருந்ததா, இல்லை உருண்டையா? கால் தெரிந்ததா? மரத்துக்குக் கீழே தரையைப் பார்த்தீர்களா, வெள்ளையாக எச்சம், ரோம உருண்டை, வால் துண்டு ஏதாவது? பக்கத்து மரங்களில் வேறு ஏதாவது உட்கார்ந்திருந்ததா?

ஓடைக்கரை

கண் நல்ல மஞ்சள், அது நிச்சயம். முகம் உருண்டை. நெஞ்சில் அங்கங்கே மெல்லிய கோடு. கால் பெரியது, மஞ்சள் விரல், நகம் பயங்கரமாக இருந்தது. தரையில் வெள்ளை எச்சம் நிறைய. ஒரு வாலும் கிடந்தது, நுனி மட்டும் வெள்ளை. எலி வால் என்று நினைத்துத் தொடவில்லை. வேறு பறவை கண்ணில் படவில்லை. ஆனால் மேலே எங்கிருந்தோ பூச்சி இரைவதுபோல மெல்லிய சத்தம் விட்டுவிட்டு வந்தது.

கருஞ்சிட்டு

இப்போது சொல்லலாம். நீங்கள் பார்த்தது பவர்ஃபுல் ஆந்தை என்கிற இனத்தின் குஞ்சு. கூட்டைவிட்டு இறங்கிச் சில வாரம் ஆகியிருக்கும்.

ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். கூகைக்குக் கண் கறுப்பு, முகம் இதய வடிவம். அது பெரும்பாலும் திறந்த புல்வெளி, வயல்வெளி ஆசாமி. பகலில் மரப்பொந்துக்குள் அடைந்துவிடும். தவளைவாயனுக்குக் கண் மஞ்சள்தான், ஆனால் அதன் கால் சின்னது, பலமில்லாதது. பூச்சி, பல்லியை அகன்ற அலகால்தான் பிடிக்கும். ஆள் வந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு விறைத்து நிற்கும், தலையை ஆட்டி வேடிக்கை பார்க்காது. பூபுக் ஆந்தை மிகச் சின்னது, மார்பு பழுப்பு. மஞ்சள் கண், பெரிய நகம், வெள்ளை உடம்பு, கண்ணைச் சுற்றி முகமூடி போட்டதுபோல் கருமை என்றால் இந்தக் காட்டில் ஒரே ஆள்தான்.

இந்த அக்டோபர் மாதமும் பொருந்துகிறது. பவர்ஃபுல் ஆந்தை இங்கே குளிர்காலம் தொடங்கும் மே, ஜூன் வாக்கில் முட்டை வைக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் குஞ்சு வெளியே வரும். அக்டோபரில் இப்படிப் பகலில் கிளையில் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கும். பெரியது வேறு மாதிரி இருக்கும்: மேலே சாம்பல் பழுப்பு, மார்பில் அம்புமுனை போன்ற பட்டைகள், உடம்புக்குச் சின்னத் தலை, நீண்ட வால். 60 சென்டிமீட்டர் வரை உயரம். ஆஸ்திரேலியாவிலேயே பெரிய ஆந்தை. வழக்கமாக ஆந்தைகளில் பெண்தான் பெரியது. இதில் ஆண் பெரியது.

அந்த வால் எலியுடையது இல்லை, ரிங்டெயில் பாஸம் என்கிற மரமேறும் பைப்பாலூட்டியினுடையது. நுனி வெள்ளைதான் அடையாளம். சிட்னியில் இந்த ஆந்தைக்கு முக்கியச் சாப்பாடே அதுதான். பாரமட்டா பூங்காவில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலையும் விடாது. பிடித்ததில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைப் பகல் முழுக்கக் காலுக்கடியில் பிடித்தபடியே தூங்கும்.

நீங்கள் கேட்ட பூச்சி இரைச்சல் இன்னொரு குஞ்சு பசிக்குக் கத்துவது. பெரும்பாலும் இரண்டு இருக்கும். தாயோ தகப்பனோ அதே மரத்தில் இன்னும் மேலே இருந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். நீங்கள்தான் பார்க்கவில்லை.

வேட்டைக்கண்

சரி, பவர்ஃபுல் ஆந்தை என்றால் இன்னும் நல்லது. நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையே. எந்த மரம்?

பிரிஸ்பேன் மீனா

ஓடைக்கரை தம்பி, சொல்லாதீங்க. தனிமடலிலும் வேண்டாம்.

நியூ சவுத் வேல்ஸில் இது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலில் இருக்கிறது. கூடு வைக்க நூறு, நூற்றைம்பது வருஷம் பழைய மரத்தின் பெரிய பொந்து வேண்டும். நகரத்துக்குள் அப்படிப்பட்ட மரம் எத்தனை மிச்சம் இருக்கிறது? தொந்தரவு அதிகமானால் கூட்டையே விட்டுவிட்டுப் போகிற பறவை. ஒருத்தர் பார்த்துவிட்டுப் போனால் ஒன்றுமில்லை. இடத்தைப் பொதுவில் போட்டால் அடுத்த வாரம் முக்காலியோடு வரிசை நிற்கும். நான் வேறு பறவைக்குப் பார்த்திருக்கிறேன், மரத்தடிப் புதரையெல்லாம் மிதித்துத் துவைத்துவிட்டார்கள்.

வேட்டைக்கண்

அக்கா, நான் ஃபிளாஷ் போடுகிறவன் இல்லை. கிளையை உடைக்கிறவனும் இல்லை. இன்னொன்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பாதையில் தினம் எத்தனை பேர் நாயோடு நடக்கிறார்கள், ஓடுகிறார்கள்! அவர்களுக்கெல்லாம் மேலே என்ன இருக்கிறது என்றே தெரியாது. நாளைக்கு அந்தச் சரிவில் மரம் வெட்ட வந்தால் யார் தடுப்பார்கள்? பார்த்தவன்தான் தடுப்பான். எல்லாவற்றையும் ரகசியமாக வைத்தால் நாலு பேர் சங்கத்துக்குள்ளேயே பறவை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மட்டுநகரான்

வேட்டைக்கண் சொல்லுறதிலும் ஞாயம் இருக்குது. என்ர பேரப்பிள்ளை அந்தத் தவளைவாயன் சோடியைப் பார்த்துத்தான் கைபேசியைக் கீழே வைக்கப் பழகினவன்.

கருஞ்சிட்டு

ஞாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தவளைவாயனும் இதுவும் ஒன்றில்லை, ஐயா. தவளைவாயன் ஊர் முழுக்க இருக்கிறது, வீட்டு முற்றத்தில்கூடக் கூடு கட்டும். பவர்ஃபுல் ஆந்தை ஒரு சோடிக்குப் பல நூறு ஹெக்டேர் தேவைப்படும். லேக் பாரமட்டா முழுக்கச் சேர்ந்தாலும் ஒரு சோடிக்கே பற்றாது. சுற்றியுள்ள ஓடைக்காடுகளையும் சேர்த்துத்தான் பிழைக்கிறது. அந்த ஒரு சோடி போனால் அடுத்த சோடி உடனே வராது.

அதைவிட முக்கியம், பகலில் ஆந்தை பறந்தால் என்ன நடக்கும் என்பது. ஒருமுறை கிளம்பிவிட்டால் கரவாங், நாய்சி மைனர், மேக்பை போன்ற பறவைகள் எல்லாம் கூடி விரட்டும். குஞ்சுக்குச் சரியாகப் பறக்கவும் தெரியாது. நாம் நல்ல படத்துக்காக இரண்டடி கிட்டே போவோம், அதன் முழுப் பகலும் வீணாகும்.

வேட்டைக்கண், மரம் தெரியாமலே பார்க்க வழி இருக்கிறது. இருட்டும் நேரத்தில் பொதுப் பாதையில் நின்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பவர்ஃபுல் ஆந்தை 'வூ… ஹூ' என்று நிதானமாக, ஆழமாக, இரண்டே சொல். பூபுக் அதையே சின்னக் குரலில் வேகவேகமாகச் சொல்லும். தவளைவாயன் 'ஊம் ஊம் ஊம்' என்று நிறுத்தாமல் முனகும். குரல் வந்த பக்கம் திரும்பிப் பாருங்கள், வேட்டைக்குக் கிளம்பும் உருவம் வானத்தின் மிச்ச வெளிச்சத்தில் தெரியும். அந்த நேரம் அது விழித்திருக்கும் நேரம், நம்மால் பெரிய இடைஞ்சல் இல்லை. கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிற வேலை மட்டும் வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான் என்று நினைத்து, காவல் இருக்கும் ஆண் ஆந்தை குஞ்சுகளை விட்டுவிட்டு வரும்.

நெறியாளர்

ஆந்தைக் கூடு, பகல் தங்குமிடம் எதுவும் இந்த இழையில் வேண்டாம். ஓடைக்கரை, இடத்தைப் பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா என்கிற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் பவர்ஃபுல் ஆந்தைத் திட்டத்துக்குத் தெரிவியுங்கள். சிட்னியில் தன்னார்வலர்களை வைத்து ஒவ்வொரு சோடியையும் கவனித்து வருகிறார்கள். ஒருவேளை அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சோடியாக இருக்கலாம், இருந்தாலும் குஞ்சு இருப்பதைச் சொல்வது உதவும். மற்ற பேச்சு தொடரட்டும்.

வேட்டைக்கண்

சரி, ஏரிக்கரையில் அந்தியில் வந்து நிற்கிறேன். படம் வராவிட்டால் உங்கள் தலையில்தான் விடியும்.

ஓடைக்கரை

அனுப்பிவிடுகிறேன். ரொம்ப நன்றி. குயிலை யாரும் கண்டுகொள்ளவில்லையே!

பிரிஸ்பேன் மீனா

குயில் என் வேலை. :)

உன் காது பொய் சொல்லவில்லை. குயில் இனம்தான், ஆனால் நம் ஊர்க் குயில் இல்லை. அதற்கு அடுத்த உறவு. பசிபிக் குயில் என்று தனி இனமாக வைத்திருக்கிறார்கள். நியூகினி, இந்தோனேசியா பக்கமிருந்து செப்டம்பர், அக்டோபரில் வந்து இறங்கும், மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகும். ஆண் அதே மினுக்கும் கறுப்பு, அதே சிவப்புக் கண். பெண்ணைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: இங்கே பெண்ணுக்குத் தலை கறுப்பு, கன்னத்தில் வெளிர் பட்டை. நம் ஊர்ப் பெண்குயிலுக்கு அந்தக் கறுப்புத் தொப்பி கிடையாது.

இன்னொரு வேடிக்கை. ஊரில் குயில் காக்கையை ஏமாற்றும். இங்கே காக்கையை விட்டுவிட்டு ரெட் வாட்டில்பேர்ட் என்கிற தேனுண்ணியை ஏமாற்றுகிறது. தன்னைவிடப் பெரிய குஞ்சுக்கு அந்தப் பாவப்பட்ட பறவை ஓடி ஓடி ஊட்டும். டிசம்பர், ஜனவரியில் பார்க்கலாம். அப்படியானால் சிட்னிக் காக்கை தப்பித்ததா? இல்லை. சேனல்பில் குக்கூ என்று ஒரு ராட்சசக் குயில் இருக்கிறது, கொக்கி மூக்கும் சிவப்புக் கண்ணுமாக. பறக்கும்போது சிலுவை வடிவம். அது காக்கை, கரவாங் கூட்டில் முட்டை வைத்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் குயிலைத் திட்டினால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள். விடியற்காலைக் கூவலை மங்களமாக நினைக்கிற ஆள் இந்தத் தெருவில் நாம் மட்டும்தான்.

கோவைத் தாத்தா

நான் பெண் வீட்டுக்கு ஜனவரியில் பிளாக்டவுன் வரப்போகிறேன், இழையை ஆசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காக்கை நம் அண்டங்காக்கை மாதிரியா?

பிரிஸ்பேன் மீனா

வணக்கம் ஐயா. தூரத்தில் அப்படித்தான் தெரியும். சிட்னியில் இருப்பது ஆஸ்திரேலிய ரேவன். வளர்ந்ததற்குக் கண் வெள்ளை, கத்தும்போது தொண்டையில் இறகு தாடி போலத் தொங்கும். அழுகைக் குரல், கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டே போய் இறக்கும். எங்கள் பிரிஸ்பேனில் இருப்பது டோரேசியன் காக்கை, இழுக்காமல் வெட்டி வெட்டிக் கத்தும். இந்த நாட்டில் காக்கை ஐந்து இனம், உருவத்தை வைத்துப் பிரிக்கப் போனால் பைத்தியம் பிடிக்கும். குரலும் ஊரும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கருஞ்சிட்டு

கடைசியாகப் பழுப்புக் குருவி. இதைத்தான் நான் நிதானமாக எழுத நினைத்தேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில்தான் மனம் விட்டுப்போவார்கள்.

தையல்சிட்டு ஆஸ்திரேலியாவில் கிடையாது. வாலைத் தூக்கிக்கொண்டு கூட்டமாகத் தரையில் தத்தினால் சூப்பர்ப் ஃபேரிரென். கூட்டத்தில் ஒன்று மட்டும் நீலமாக இருக்கும், மற்றவை பழுப்பு. அந்தப் பழுப்பிலும் கண்ணைச் சுற்றியும் அலகும் செம்மஞ்சளாக இருந்தால் பெண். வால் மட்டும் நீலமாக இருந்தால் உடம்பில் நீல இறகு இல்லாத ஆண்.

வாலைத் தூக்காமல், தரையோரம் குப்பை இலைக்குள் எலி போல ஓடி, வெள்ளைப் புருவத்தோடும் வெளிர் கண்ணோடும் முறைத்தால் வைட்ப்ரௌடு ஸ்க்ரப்ரென். புதரின் நடு உயரத்தில், நெஞ்சில் கறுங்கோடு, கண் சிவப்பு என்றால் பிரௌன் தார்ன்பில். மர உச்சியில், கழுத்து வலிக்க வைக்கிற உயரத்தில் இருந்தால் ஸ்ட்ரையேட்டட் தார்ன்பில்; அதன் செம்பழுப்பு உச்சந்தலையில் வெள்ளைக் கீற்று இருக்கும், பார்க்க முடிந்தால். ஆக நிறத்துக்கு முன்னால் எந்த உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கார் நிறுத்துமிடத்தில் இந்தக் குருவி ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். காரணம் நாய்சி மைனர். சாம்பல் உடம்பு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள். நம் மைனா என்று நினைத்துவிடாதீர்கள். மைனாவுக்கு உடம்பு பழுப்பு, பறக்கும்போது இறக்கையில் வெள்ளை. மைனாவை 1860களில் மெல்போர்னில் பூச்சி தின்னக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றும் 'இந்தியன் மைனா' என்று நம் முகத்துக்கு நேரே திட்டுவார்கள். ஆனால் சின்னக் குருவிகளைக் காட்டைவிட்டே விரட்டுகிற பெரிய ரவுடி இந்த மண்ணிலேயே பிறந்த நாய்சி மைனர்தான். 2014இல் அதன் அடாவடியையே தேசியச் சட்டத்தின் கீழ் ஓர் அச்சுறுத்தலாகப் பட்டியலிட்டார்கள். அதற்குப் பிடித்தது புல்வெளியும் தனித்தனி மரமும். கீழ்ப்புதர் அடர்ந்திருந்தால் உள்ளே வராது. அதனால் குருவி வேண்டுமா, முள்ளும் புதரும் நெருக்கமாக இருக்கிற திருப்பத்தில் போய்ச் சும்மா நில்லுங்கள். அவை தானாக வரும்.

மட்டுநகரான்

ஒரு விசயம் சேர்க்கிறன். வீட்டில் எலிக்கு மருந்து வைக்கிற ஆக்கள் பெட்டியில் என்ன எழுதியிருக்குது என்று பாருங்கோ. ப்ரோடிஃபேகம் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்து எலியின் உடம்பில் தங்கும். எலி, பாஸம் ரெண்டும் அதைத் தின்னும், ஆந்தை அவற்றைத் தின்னும். விக்டோரியாவில் செத்துக்கிடந்த பவர்ஃபுல் ஆந்தைகளைச் சோதித்ததில் பெரும்பாலானவற்றின் ஈரலில் இந்த மருந்து இருந்ததாம். நான் பொறிக்கு மாறிவிட்டன்.

கோவைத் தாத்தா

நல்ல தகவல். ஜனவரியில் அந்தக் காட்டுக்கு வரலாமா? பாம்பு என்று பெண் பயமுறுத்துகிறாள்.

கருஞ்சிட்டு

தாராளமாக வரலாம், ஐயா. விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. கடும் தீ எச்சரிக்கை நாளில் மட்டும் வேண்டாம். செவ்வயிற்றுக் கரும்பாம்பு ஓடைப் பக்கம் இருக்கும். பாதையை விட்டு இறங்காமல், தரையைப் பார்த்து நடந்தால் அதுவே விலகிப் போகும். முழுக்கால்சட்டை, மூடிய காலணி. வீட்டுக்குப் போனதும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கழுத்து, காது மடல் எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பாம்பைவிட அதற்குத்தான் பயப்படுவேன். தரையில் குஞ்சோ அடிபட்ட விலங்கோ கிடந்தால் தூக்காமல், காட்டு விலங்குகளை மீட்கிற வயர்ஸ் அமைப்புக்கு அழைத்துவிடுங்கள்.

ஓடைக்கரை

கடைசியாக ஒன்று, அப்புறம் தொந்தரவு செய்யமாட்டேன். அணை அருகே பாறையில் உடும்பு படுத்திருந்தது, முக்கால் மீட்டர் இருக்கும். கிட்டே போனதும் தொப்பென்று தண்ணீரில் குதித்துவிட்டது. உடும்பு நீந்துமா?

கருஞ்சிட்டு

உடும்பும் நீந்தும். ஆனால் தலைக்குப் பின்னால் முதுகு வரை முள்வரிசை இருந்ததா? கண்ணுக்குப் பின்னே கறுப்புப் பட்டை? இருந்தால் ஈஸ்டர்ன் வாட்டர் டிராகன், ஓணான் குடும்பம். ஆணுக்கு வயிறு சிவக்கும். இங்கே உடும்பு என்றால் லேஸ் மானிட்டர். பாம்பு மாதிரி பிளந்த நாக்கை நீட்டி நீட்டி நடக்கும், விரட்டினால் தண்ணீரைவிட மரத்தைத்தான் தேடும்.

ஓடைக்கரை

முள்வரிசை இருந்தது.